கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மச்சான்

மகனே,

உன் கடுதாசி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருக்கிற இந்த நாளில் தபால் ஒழுங்காக வருவதே பெரிய காரியம். முதலில் உன் அம்மா காதில் விழும்படி உரக்கப் படித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு மீதியை எனக்குள் படித்துக்கொண்டேன். எதைச் சொன்னாலும் "அண்ணனைக் கேட்டுச் சொல்றேன்" என்கிறாள் உன் பெண்டாட்டி என்று எழுதியிருக்கிறாய். வீடு மாற்றலாம் என்றாலும் அண்ணன், தீபாவளிக்கு எங்கே போவது என்றாலும் அண்ணன், தலைவலிக்குக் கஷாயமா மாத்திரையா என்றாலும் அண்ணன். நான் உன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஜோலார்பேட்டைக்கு வந்து அவளைக் கண்டிக்க வேண்டும், அந்த அண்ணனுக்கும் கடுமையாக ஒரு கடுதாசி போட்டு இனிமேல் இதில் தலையிடாதே என்று சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். கடைசியில், "நைனா, இந்த வீட்டுக்குப் புருஷன் நானா, அவனா?" என்று முடித்திருக்கிறாய்.

அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம் வந்தது. இதே கேள்வியை இதே வார்த்தைகளில் நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். நீ ஒரு மனுஷனைப் பார்த்துக் கேட்கிறாய். நான் ஒரு பல்லியைப் பார்த்துக் கேட்டேன். நம் வீட்டில் ஒரு பல்லி இருந்ததும் அது செத்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். அது எப்படிச் செத்தது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாயோ, அது அப்படிச் சாகவில்லை. பதினெட்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது சொல்கிறேன். நான் கிளம்பி வருவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

நான் பொறாமைக்காரன். பிறவிக் குணம் என்றே வைத்துக்கொள். பூந்தமல்லிப் பதிவு ஆபீசுக்கு எதிரே மரத்தடியில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்து பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். ராஜா தலை போட்ட முத்திரைத்தாளை எடுத்து நான் பேனாவைத் தொட்டால், பத்துக்காணி வைத்திருக்கிற ரெட்டியார்கூடக் கைகட்டி நிற்பார். கிழக்கே எது, மேற்கே எது, யாருடைய பாத்தியம் எதுவரைக்கும் என்று நான் எழுதியதுதான் எழுத்து. ஊரே என் வாயைப் பார்க்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் உன் அம்மா சுவரைப் பார்ப்பாள். இதை எந்தப் புருஷன் பொறுத்துக்கொள்வான் என்று அப்போது நினைத்தேன்.

அந்தப் பல்லி நம் வீட்டுக்கு வந்தது நீ தவழ்ந்துகொண்டிருந்த வருஷம். கூடத்தில் கிழக்குச் சுவரில் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தோமே, அதற்குப் பின்னால் குடியிருந்தது. ஒருநாள் நான் ஜன்னல் கதவை வேகமாகச் சாத்தியபோது அதன் வால் நசுங்கித் துண்டாக விழுந்து துடித்தது. தெரியாமல் நடந்ததுதான். மறுபடி முளைத்த வால் குட்டையாக, தடிப்பாக, நிறம் மாறி வந்தது. அதனால் பத்துப் பல்லி இருந்தாலும் இது எது என்று தெரிந்துவிடும். வால் போனதிலிருந்து உன் அம்மா அதன்மேல் உயிரையே வைத்துவிட்டாள். மழைக்காலத்தில் ஈசலைப் பிடித்து இறக்கையைப் பிய்த்துவிட்டுச் சுவரோரமாக வைப்பாள். அது இறங்கி வந்து அவள் விரலுக்கு ஒரு சாண் தள்ளி நின்று தின்னும். போகப் போக விரலிலிருந்தே எடுத்துக்கொண்டது. அதற்கு அண்ணாத்தே என்று பெயர் வைத்தாள். பாரிவாக்கத்தில் அவள் ஒற்றைப் பெண். கூடப் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. கல்யாணத்தில் பொரி இடுவதற்குக்கூடப் பங்காளி வீட்டுப் பிள்ளை ஒருவனைத்தான் இரவல் வாங்கி நிறுத்தினார்கள். அதை அவள் மறக்கவே இல்லை.

இவள் அண்ணாத்தே என்றால் எனக்கு அது மச்சான் ஆகிறது அல்லவா? இந்த விஷயம் எப்படியோ மரத்தடி வரைக்கும் போய்விட்டது. என் பக்கத்துப் பெட்டிக்காரன் ஒருத்தன், நான் எதற்காவது யோசித்துப் பதில் சொன்னால் போதும், "இன்னாபா, மச்சான் உத்தரவு குட்த்தாரா?" என்று கேட்பான். மரத்தடியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து கண்ணாடியை முறைப்பேன்.

பல்லி சொல்வதை ஊரில் எல்லாரும்தான் நம்புகிறார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது அது சொன்னால் தரையில் மூன்று தட்டுத் தட்டி, சொன்னது சத்தியம் என்பார்கள். எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்திலேயே போட்டிருக்கிறது. நானே ஒரு கிரயப் பேச்சின்போது பல்லி சொன்னதைக் காட்டிப் பேரம் முடித்திருக்கிறேன். ஆனால் உன் அம்மா செய்தது வேறு. நான் எதையாவது சொன்னால் உடனே பதில் சொல்ல மாட்டாள். "அண்ணாத்தே இன்னா சொல்லுதுன்னு பாப்போம்" என்று கண்ணாடிப் பக்கம் திரும்பி வேலையைப் பார்ப்பாள். ஒரு மணி நேரம் ஆகும், ஒருநாளும் ஆகும். அது கிழக்குச் சுவரிலிருந்து சொல்லிவிட்டால், சரி என்பாள். சொல்லாவிட்டால் அந்தப் பேச்சு அதோடு நின்றுபோகும். மறுபடி நான் ஆரம்பித்தால், "அது இன்னும் ஒண்ணும் சொல்லலியே" என்பாள், ஏதோ மேல்கோர்ட்டுத் தீர்ப்பு வரவில்லை என்கிற மாதிரி.

விளக்கு விஷயம் ஒன்று போதும், என் வயிற்றெரிச்சலைச் சொல்ல. வீட்டில் நல்ல சிம்னி விளக்கு ஒன்றுதான். மறுநாள் பதிவுக்குப் போகவேண்டிய நகல்களை நான் சாயங்காலம் உட்கார்ந்து எழுதவேண்டும். அவளோ விளக்கைக் கண்ணாடிக்குக் கீழே வைப்பாள், பூச்சி வருவதற்காக. அண்ணாத்தே சாப்பிட்டு முடித்த பிறகுதான் விளக்கு என்னிடம் வரும். என் சோற்றுக்கு முந்தி அதன் சோறு. ஒருமுறை எனக்குக் குளிர் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் படுத்திருந்தேன். கஞ்சி கொடுத்தாள், நெற்றியில் ஈரத்துணி போட்டாள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒன்பது நாளும் விளக்கு மட்டும் கண்ணாடிக்குக் கீழேதான் இருந்தது. படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மெட்ராஸ் பேச்சு வந்தது. பெரிய கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீல் குமாஸ்தா எனக்குத் தெரிந்தவர். அங்கே வந்துவிடு, உன் கையெழுத்துக்கு நல்ல மதிப்பு உண்டு என்றார். புரசைவாக்கத்தில் ஒண்டுக்குடித்தனம்கூடப் பார்த்து வைத்துவிட்டார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவளிடம் சொன்னேன். கண்ணாடியைப் பார்த்தாள். ஒரு வாரம் ஆகிவிட்டது, பல்லி வாயைத் திறக்கவில்லை என்றாள். எனக்கு நன்றாகத் தெரியும், நான் பேசிக்கொண்டிருந்தபோதே அது இரண்டு தரம் சொன்னது. கேட்கவில்லை என்றாள்.

இதற்குப் பிறகு நான் செய்த காரியத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நீ சிரித்தாலும் பரவாயில்லை. பல்லி மாதிரி சத்தம் போட நான் பழகினேன். ஆபீசுக்குப் போகிற வழியில் ஏரிக்கரையில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டி எடுத்து, பத்துநாள் பழகினேன். குமாஸ்தா உத்தியோகத்துக்குப் படித்த பிள்ளைகள்கூட அவ்வளவு அக்கறையாகப் படித்திருக்க மாட்டார்கள். நன்றாக வந்துவிட்டது என்று தோன்றியதும், ஒருநாள் மத்தியானம் அவள் கூடத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, மெட்ராஸ் பேச்சை எடுத்துவிட்டு, செம்பை எடுக்கப் போகிறவனாட்டம் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்று சத்தம் கொடுத்தேன். அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"அண்ணாத்தே கெழக்கால கீது. சத்தம் மேக்கால வருது. உங்க பல்லுல இன்னாமோ மாட்டிகினு கீது போல."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சிரித்து அன்றைக்கே இந்தப் பைத்தியம் தெளிந்திருப்பேன். முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி கல் பொறுக்கினாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றைக்குத்தான் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, இந்த வீட்டுக்குப் புருஷன் நானா, நீயா என்று கேட்டேன். கண்ணாடியில் என் மூஞ்சிதான் தெரிந்தது.

அடுத்த மாதம் போகிக்கு வெள்ளையடிக்கிற வேலை வந்தது. வருஷா வருஷம் உன் அம்மாதான் அடிப்பாள். கண்ணாடி மாட்டியிருக்கிற இடத்தை மட்டும் அடிக்காமல் விட்டுவிடுவாள். புதுச்சுண்ணாம்பு நெடியும் சூடும் அதற்கு ஆகாது என்று சுற்றிலும் அடித்து, அந்தச் சதுரத்தை அப்படியே பழுப்பாக விடுவாள். அந்தச் சதுரம் என் கண்ணில் முள்ளாகக் குத்தும். அந்த வருஷம் அவளுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பாரிவாக்கம் போனாள், விளக்கு வைப்பதற்குள் வந்துவிடுவதாகச் சொல்லி. நான் ஆபீசுக்குப் போகாமல், இந்த வருஷம் நானே அடிக்கிறேன் என்றேன். அவள் சந்தோஷப்பட்டாள். அந்த இடத்தை விட்டுவிடுங்கள் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனாள்.

உனக்கு அப்போது எட்டு வயசு. சுண்ணாம்புப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் வெள்ளையடிக்கிற பழைய மட்டை ஒன்றை வைத்துக்கொண்டு கீழ்ச்சுவரில் தெளித்து விளையாடிக்கொண்டிருந்தாய். நான் மற்றச் சுவர்களை முடித்துவிட்டுக் கிழக்குச் சுவருக்கு வந்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். அது அங்கே இருந்தது. ஓடவில்லை. ஏழு வருஷமாக இந்த வீட்டில் யாரும் அதை ஒன்றும் செய்ததில்லை, அது எதற்கு ஓடும்? என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கை தட்டியிருக்கலாம், போய்விட்டிருக்கும். எனக்கு அது தெரியும். நான் மட்டையைப் பானையில் முக்கி எடுத்தேன். அன்றைக்குக் காலையில் தண்ணீர் ஊற்றித் தாளித்த சுண்ணாம்பு, இன்னும் சூடு அடங்கவில்லை. அதன் தலைமேலே ஒரே இழுப்பாக இழுத்தேன்.

கை தவறிப் பட்டது என்று எத்தனையோ நாள் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கை தவறவில்லை. நான் என் சுயபுத்தியோடும் முழுச் சம்மதத்தோடும் செய்தேன், பத்திரத்தில் எழுதுகிறோமே அந்த மாதிரி.

அது கீழே விழுந்து அம்மி மூலைக்கு ஊர்ந்து போயிற்று. நான் சதுரத்தை நிரப்பிவிட்டு, கண்ணாடியை மாட்டிவிட்டு, கை கால் கழுவினேன். சாயங்காலம் அவள் வந்தாள். சுவரைப் பார்த்தாள், அப்புறம் தேடினாள், மூலையில் கண்டுபிடித்தாள். யார் செய்தது என்று கேட்டாள். உரக்கக்கூடக் கேட்கவில்லை. நான் வாய் திறந்து, "பையன் தெளிச்சு வெளையாடிகினு இருந்தான்" என்றேன். அவள் எழுந்து வந்து உன் கன்னத்தில் ஒரு அறை வைத்தாள். அதுவரை உன்மேல் விரல் பட்டதில்லை. நீ "நான்தாம்மா, தெரியாம பட்டுடுச்சு" என்று அழுதாய். நீ தெளித்ததுதான் அதன்மேல் பட்டது என்று நிஜமாகவே நம்பிவிட்டாய். நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். இதோ, இந்த இடத்தில் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ செய்யவில்லை, மகனே. உன் சுண்ணாம்பு அதன் கிட்டேகூடப் போகவில்லை.

அது உடனே சாகவில்லை, ஆறு நாள் இருந்தது. பல்லிக்கு இமை கிடையாது என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. கண்ணில் தூசு விழுந்தால் நாக்கை நீட்டித் தானே துடைத்துக்கொள்ளும். அன்றைக்கும் அப்படித்தான் செய்தது. கண்ணில் இருந்த சுண்ணாம்பை நாக்கால் எடுத்து எடுத்து வாயும் வெந்துபோயிற்று. உன் அம்மா கொட்டாங்குச்சியில் பழந்துணி போட்டு அதைப் படுக்கவைத்தாள். பஞ்சை நனைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கண்ணைக் கழுவினாள். விளக்குத் திரியை விளக்கெண்ணெயில் தோய்த்து உடம்பில் தடவினாள். ஈயை நசுக்கித் தர்ப்பை நுனியில் எடுத்து வாயருகே காட்டினாள். அது வாயைத் திறக்கும், மூடத் தெரியாமல் அப்படியே வைத்திருக்கும். சொல்வதற்காகத் தொண்டை அசையும், சத்தம் வராது. அவள் காதைக் கிட்டே கொண்டுபோய் வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

அந்த ஆறு நாளில் பொங்கல் வந்து போயிற்று. பானை வைத்தாள், பால் பொங்கியது, கொட்டாங்குச்சியை மடியில் வைத்துக்கொண்டே நமக்குப் பரிமாறினாள். மனுஷன் என்றால் இந்த நேரத்தில் மனசு இளகவேண்டும். எனக்கு இளகவில்லை. சாகப்போகிற ஒரு பல்லியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். நான் காய்ச்சலில் கிடந்தபோது இவள் இப்படிக் குனிந்து என் மூச்சைக் கேட்டாளா என்று நினைத்துப் பார்த்தேன். நான் செத்தால் இப்படி உட்காருவாளா என்றுகூட நினைத்தேன். நாலாம் நாள் அவள் கேட்டாள் என்று நாட்டு வைத்தியரிடம் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பல்லிக்கு மருந்து கேட்டு வந்த முதல் ஆள் நீதான் என்று சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. திரும்பி வந்து, ஒன்றும் செய்ய முடியாதாம் என்றேன். அதைச் சொன்னபோது உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆறாம் நாள் காலையில் அது விறைத்துக் கிடந்தது. உன் அம்மா அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. அடுப்பு மூட்டவில்லை. தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரப்புடவையோடு வந்தாள். பின்பக்கம் முருங்கை மரத்தடியில் நீயும் அவளும் குழி தோண்டினீர்கள். நான் ஆபீசுக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"எனக்குப் பொறந்த ஊட்டு ஆளுன்னு அது ஒண்ணுதான். மொறைக்கு நீங்கதான் கோடி போடணும்."

நம் பக்கத்தில், ஒருத்தன் செத்தால் அவன் கூடப்பிறந்தவளின் புருஷன் கோடித்துணி கொண்டுவந்து போர்த்தவேண்டும் என்பது உனக்குத் தெரியும். பொங்கலுக்கு எடுத்த புதுவேட்டியின் கரையோரமாக விரலகலத்துக்கு ஒரு துண்டு கிழித்தேன். குழியருகே உட்கார்ந்து, கொட்டாங்குச்சிக்குள் கிடந்ததன்மேல் போர்த்தினேன். கொன்றவனே கோடி போட்டேன். நான் அங்கேயே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவள் என் தோளைத் தொட்டு, எழுந்திருங்கள் என்றாள். அந்த ஒரு தொடுகைக்காக நான் எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன் என்பதை நீயும் கல்யாணம் ஆனவன், புரிந்துகொள்வாய். அது கிடைத்த இடத்தைப் பார்.

அதற்குப் பிறகு விளக்கு என் பெட்டியருகே வந்துவிட்டது. நான் எதைக் கேட்டாலும் உடனே பதில் வந்தது. மெட்ராசுக்குப் போகலாமா என்றேன். "உங்க இஷ்டம்" என்றாள். கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. ஜெயித்துவிட்டேன். ஆனால் அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் போகிற ஆசையே விட்டுப்போயிற்று. சரி, இன்னொரு சமயம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். பசு வாங்கலாமா என்றால் உங்க இஷ்டம். பக்கத்து மனையை விற்றுவிடலாமா என்றால் உங்க இஷ்டம். உன்னை மெட்ராஸ் விடுதியில் சேர்த்துப் படிக்க வைக்கலாம் என்றபோதும் அதே பதில்தான். ஒன்பது வயசுப் பிள்ளை, டிரங்குப் பெட்டியோடு வண்டியில் ஏறிக்கொண்டு அவளையே பார்த்தாய். பல்லியைக் கொன்ற கோபத்தில்தான் அம்மா என்னை அனுப்பிவிட்டாள் என்று நீ உன் சிநேகிதனிடம் சொன்னதாகப் பல வருஷம் கழித்துக் காதில் விழுந்தது. அப்போதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. உன்னை அனுப்பியது அவளில்லை. அனுப்பவேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இருந்த ஒரே வழியை நான் வெள்ளையடித்துவிட்டேன்.

இதை நான் உடனே புரிந்துகொள்ளவில்லை. பத்து வருஷம் ஆயிற்று. ஒருநாள் அம்பத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை தன் பேரில் இருந்த நிலத்தைப் புருஷன் பேருக்கு எழுதிக்கொடுக்க வந்திருந்தாள். பத்திரம் நான்தான் எழுதினேன். உள்ளே அதிகாரி வழக்கம்போல, மனசார சம்மதித்துத்தானே கொடுக்கிறாய் என்று கேட்டார். இந்தக் கேள்வி வந்தால் பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், அப்பனையோ, அண்ணன் தம்பியையோ. அவன் தலையை ஆட்டினால்தான் இவள் ஆமாம் என்பாள். எத்தனையோ தரம் ஆட்டாமல் நின்று பேச்சு முறிந்துபோனதும் உண்டு. இந்தப் பெண்ணோடு யாரும் வரவில்லை, புருஷன் மட்டும்தான். அவள் திரும்பினாள், பார்க்க ஆளில்லை, வெறும் சுவரைப் பார்த்தாள். அப்புறம் ஆமாம் என்றாள். நான் வெளியே வந்து பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். பல்லி நாள் முழுக்கச் சத்தம் போடும், மகனே. எந்தச் சத்தத்தைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று முடிவு செய்தது உன் அம்மா. மெட்ராஸ் வேண்டாம் என்றது பல்லியில்லை. நான் ஏழு வருஷம் ஒரு பல்லியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், அவள் என்னோடு பேசிக்கொண்டிருந்தது தெரியாமலே.

உன் பெண்டாட்டி அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறாள் என்றால், அவள் ஏதோ சொல்ல வருகிறாள் என்று அர்த்தம். அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிற வார்த்தைகளில் பாதி அவனுக்கே தெரிந்திருக்காது. புதுவீடு வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றுகிறதோ, தனியாக இருக்கப் பயமோ, என்னவோ. உனக்கு வயிறு எரியும், எனக்குத் தெரியும். எரியட்டும். எரிச்சலோடே உட்கார்ந்து கேள். அவன் வாயை அடைக்கக் கடுதாசி போடச் சொல்கிறாய். அடைத்துவிடலாம், சுலபமான வேலை. அடைபட்ட பிறகு வருகிற "உங்க இஷ்டம்" என்கிற வார்த்தையோடு நான் பதினெட்டு வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன். அதைவிட ஒரு மச்சானோடு குடித்தனம் செய்வது எவ்வளவோ மேல்.

இதுவரைக்கும் நேற்று எழுதினேன். இன்றைக்குக் காலையில் உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. உனக்கு முன்னால் அவளுக்குத் தெரியவேண்டும் என்று, எதிரே உட்கார்ந்து முதலிலிருந்து இதுவரைக்கும் படித்தேன். சுண்ணாம்பு வருகிற இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தேன். அவள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. முடித்தபிறகு, "தெரியும்" என்றாள். பையன் தெளித்தது அவ்வளவு உயரத்துக்கு எட்டாது என்று சுவரைப் பார்த்தபோதே தெரிந்ததாம். தெரிந்தும் அவனை ஏன் அடித்தாய் என்று கேட்டேன்.

"உங்கள அடிக்க முடியுமா?" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அவளும் அழுதாள், நானும் அழுதேன். ஆனாலும் என் புத்தி எங்கே போகும்? பதினெட்டு வருஷம் இதை மனசில் வைத்திருந்தாளே, என்னிடம் சொல்லாமல் வேறு யாரிடமாவது சொல்லியிருப்பாளோ என்று அந்த நிமிஷத்திலும் எனக்கு அடித்துக்கொண்டது. கேட்கவில்லை. கேட்காமல் இருக்க முடிந்ததே என் வயசுக்குப் பெரிய காரியம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீ கூப்பிட்டிருக்கிற விஷயத்துக்கு வந்தேன். நேரில் போனால் நல்ல வார்த்தையாகவே நாலு சொல்லிவிட்டு வரலாம், பையனும் வருத்தப்படமாட்டான், வெள்ளிக்கிழமை பாசஞ்சரில் போகலாமா என்று கேட்டேன். வழக்கமான பதிலுக்காகக் காத்திருந்தேன். அவள் ஆய்ந்த கீரையை முறத்தில் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"வேணாம். நான் வரமாட்டேன், நீங்களும் போவக்கூடாது. அதுங்க ரெண்டும் பேசிக்கட்டும்."

நான் வரவில்லை, மகனே. உன் அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.